இரண்டாவது இருக்கை எங்கே போயிற்று? வேலந்தாவளத்து விமானம் ஒன்றின் எடை ஆய்வு

இடது சக்கரத்தில் 131.5 கிலோ. வலது சக்கரத்தில் 134. மூக்குச் சக்கரத்தில் 64. மொத்தம் 329.5 கிலோ. இதில் பெட்ரோல் இல்லை, ஆள் இல்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேலந்தாவளம் பக்கம், தென்னந்தோப்பு நடுவே இருக்கும் ஒரு பட்டறையில் கையால் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் வெற்று எடை இது. எடுத்துக்கொண்ட வரைபடத்தின்படி 263 கிலோவை ஒட்டி நின்றிருக்க வேண்டும். கூடுதல் 66 கிலோ. சராசரியாக ஒரு ஆளின் எடை.

அந்த 66 கிலோ எங்கெங்கிருந்து வந்து சேர்ந்தது, பறக்கும்போது அது என்ன செய்யும், எதை இறக்கினால் இரண்டாவது இருக்கை திரும்பக் கிடைக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் விமானம் கட்ட ஆசைப்படும் தமிழர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் லேத், வெல்டிங், டிங்கரிங் தெரிந்தவர்கள். கை வேலையில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தராசில் ஏற்றிப் பார்க்கும் நாளில்தான் சிக்கல் வெளியே வருகிறது. அதனால் அந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எல்லைக்கோடு. இந்தியாவில் மைக்ரோலைட் என்ற வகைக்குள் வர, தரையிலிருந்து கிளம்பும் விமானத்தின் மொத்த எடை 450 கிலோவைத் தாண்டக்கூடாது, இருக்கை இரண்டுக்கு மேல் கூடாது. இந்த வகையை விட்டு வெளியே போனால் சான்றிதழ் வேலை தனி ஆளால் தாங்கக்கூடியது அல்ல. ஆக 450 என்பது கையில் கொடுத்த பணம் மாதிரி, அதற்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும். ஆளுக்கு 75 கிலோ என்று இரண்டு பேருக்கு 150. நாற்பது லிட்டர் பெட்ரோல் 29 கிலோ. மீதி 271. வெற்று எடை 271-க்குள் இருந்தால் அது இரண்டு இருக்கை விமானம். 329.5 என்றால் ஆளுக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்து மிஞ்சுவது 120.5 கிலோ. ஓட்டுபவர் ஒருவர், டேங்கில் பெட்ரோல், அவ்வளவுதான். பக்கத்து இருக்கையில் பை வைத்துக்கொள்ளலாம்.

கட்டியவர் தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரமும் நார் அடிக்கும் இயந்திரமும் செய்து விற்பவர். அவருக்குத் துணை அவர் தங்கை மகன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். கணக்கு, நோட்டு, படம் எல்லாம் அவன் பொறுப்பு. மாமனும் மருமகனும் தேர்ந்தெடுத்த வடிவமைப்பு ஸெனித் சிஎச் 701. கிறிஸ் ஹைன்ட்ஸ் என்ற பொறியாளர் 1986-ல் வடிவமைத்தது. குறைந்த செலவில் இரண்டு பேர் பறக்கும் விமானம் வேண்டும் என்று யார் கேட்டாலும், இரண்டு மூன்று பெயர் சொல்ல வேண்டும் என்றால், அதில் ஒன்றாக நான் இதைச் சொல்வேன். தேர்வில் தப்பே இல்லை.

ஏன் இது மலிவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இறக்கை அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலம். அதனால் உள்ளே இருக்கும் விலா எலும்புத் தகடுகள் எல்லாமே ஒரே அச்சு. ஒரு மர அச்சு செதுக்கிக்கொண்டால் போதும், அதன் மேல் தகட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் ஓரத்தை மடக்கி மடக்கி எடுத்துக்கொண்டே போகலாம். உடம்புத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் வளைவு, கிண்ணம் மாதிரி அடித்து எடுக்க வேண்டிய இடமே கிடையாது. இணைப்பு முழுக்க ஒரு பக்கத்திலிருந்து இழுத்து அடிக்கும் பாப் ரிவெட். வெல்டிங் சொற்பம். இறக்கையின் முன் விளிம்பில் நிலையாகப் பொருத்திய இன்னொரு சிறு இறக்கைப் பட்டை, பின்னால் முழு நீளத்துக்கும் ஓடும் மடிப்பு, இரண்டும் சேர்ந்து மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் சுமாரிலேயே விமானத்தைக் காற்றில் நிறுத்தி வைக்கும். வேகம் குறைவாக இறங்குவதால் சக்கரமும் காலும் எளிமையாக இருக்கலாம். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக, மலிவு என்பது வடிவமைத்தவரின் ஒவ்வொரு முடிவிலும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கட்டுபவர் தன் பங்குக்குப் புதிதாக மிச்சம் பிடிக்கப் போகும்போது அந்த முடிவுகளில் ஒன்று கழன்று விழுகிறது. இந்த விமானத்தில் நடந்ததை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எடை போட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது செய்வதாக இருந்தால் உதவும். பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் தொடங்கினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்குக் காரணம் புரியும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கும் அந்த முப்பது நாற்பது கிலோமீட்டர் இடைவெளி வழியாக மேற்குக் காற்று முழுக்கப் பிதுங்கி வருகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சுற்றுவது அதே காற்று. பதினோரு சதுர மீட்டர் இறக்கை மேல் லேசாக அது பட்டாலே தராசு எண் ஆடும்.

கொப்பரை வியாபாரி ஒருவரிடம் இரவல் வாங்கிய மூன்று டிஜிட்டல் தராசுகள். மூன்றிலும் முத்திரை போட்ட இருபது கிலோ படிக்கற்களை ஏற்றி இறக்கி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே சக்கரங்களை ஏற்றினோம். காக்பிட் ஓரச் சட்டத்தில் ரசமட்டம் வைத்து, மூக்குச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து மட்டம் பிடித்தோம். அந்தப் பலகையின் எடையைக் கழிக்க மறந்தால் கணக்கு கெடும். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டிலிருந்து பின் சக்கரங்கள் 700 மில்லிமீட்டர் பின்னால், மூக்குச் சக்கரம் 750 மில்லிமீட்டர் முன்னால். பின் சக்கரங்களின் 265.5 கிலோவை 700-ஆல் பெருக்கி, மூக்கின் 64-ஐ 750-ஆல் பெருக்கிக் கழித்து, மொத்த எடையால் வகுத்தால் 418. அதாவது விமானத்தின் எடை மையம் முன் விளிம்புக்கு 418 மில்லிமீட்டர் பின்னால். வரைபடம் அனுமதிக்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது.

பையன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. "சென்டர் கரெக்டா இருக்குதுங்ணா" என்றான். இருந்தது. ஆனால் அந்த 418 எப்படி வந்தது என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பேட்டரியை வால் பக்கம், முன் விளிம்பிலிருந்து 3.6 மீட்டர் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு கிலோ பேட்டரி. அதை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மையம் 298-க்கு வந்துவிடுகிறது, பன்னிரண்டு சென்டிமீட்டர் முன்னால். மூக்கு அவ்வளவு கனம். அந்த மூக்குக் கனத்தைச் சமாளிக்க வாலில் கனம் ஏற்றியிருக்கிறார்கள், அங்கிருந்து எஞ்சின்வரை ஸ்டார்ட்டர் கரண்டு கொண்டுவரத் தடிமனான செப்புக் கேபிள், அது தனியாக மூன்று கிலோ. எடை எடையை இழுத்துக்கொண்டு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அங்கிருந்து ஒவ்வொரு பாகமாகப் பின்னோக்கிப் போனோம்.

பெரிய பங்கு எஞ்சினுக்கு. இந்த வகை விமானங்களுக்கு வழக்கமாகப் போடுவது ரோட்டாக்ஸ் 912, ஆஸ்திரியாவில் செய்வது, 80 குதிரைத்திறன். புதிதாக வாங்கினால் பதினைந்து லட்சத்துக்குக் குறையாது. அந்த விலையைப் பார்த்து, தொழில் செய்யும் ஒரு மனிதர் மலைத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. அவர் பழைய மாருதி ஜென் கார் எஞ்சினை எடுத்துக்கொண்டார். பட்டறையிலேயே புல்லி கடைந்து, பல் பெல்ட் போட்டு, சுழற்சியைக் குறைத்து புரொப்பெல்லரை மாட்டினார். வேலை மிக நேர்த்தி. அந்தப் புல்லியின் பற்களைக் கையால் தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை.

"கார் எஞ்சின்ல 1929-லயே பறந்திருக்காங்களே தம்பி" என்றார். உண்மை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் பெர்னார்ட் பீட்டன்பால் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை வைத்து ஏர் கேம்பர் என்ற இரண்டு இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டார். வீட்டில் கட்டும் மலிவு விமானங்களுக்கெல்லாம் அது ஒரு மூதாதை. ஆனால் அந்த எஞ்சின் 3.3 லிட்டர் கொள்ளளவு கொண்டது. நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே தன் 40 குதிரைத்திறனையும் கொடுத்துவிடும். புரொப்பெல்லரை நேராக அதன் கிராங்க் தண்டிலேயே மாட்டிவிடலாம். நடுவே எதுவும் தேவையில்லை. ஜென் எஞ்சின் ஒரு லிட்டர்கூட இல்லை, 993 சிசி. ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால்தான் 50 குதிரைத்திறன் பக்கம் எட்டிப் பார்க்கும். 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை 5,500 சுற்றில் நேராகச் சுற்றினால் அதன் நுனி வினாடிக்கு 490 மீட்டர் வேகத்தில் ஓடும், ஒலியைவிட வெகு வேகம். சத்தம்தான் வரும், இழுவை வராது. 2,400-க்குக் குறைத்தால் நுனி வேகம் 214 மீட்டர், அது சரியான இடம். குறைக்க வேண்டுமானால் புல்லி, பெல்ட், தாங்குசட்டம். கார் எஞ்சினுக்குத் தண்ணீர், ரேடியேட்டர். எல்லாம் சேர்த்து இறக்கி எடை பார்த்தபோது 99 கிலோ. 912-ஐ அதன் ரேடியேட்டர், எண்ணெய் எல்லாவற்றோடும் மாட்டினால் 75 கிலோவை ஒட்டி வரும். வித்தியாசம் 24 கிலோ, அதுவும் 30 குதிரைத்திறன் குறைவாக.

இன்னொன்று. 912-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டு தனித்தனி இக்னிஷன். ஒன்று செத்தாலும் மற்றொன்று இறக்கிவிடும். கார் எஞ்சினில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு வழி. ரோட்டில் நின்றால் ஓரம் கட்டலாம். எடைக் கணக்கில் இது வராது, ஆனால் நான் இருக்கையில் உட்கார வேண்டுமென்றால் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

அடுத்த பங்கு தகடு. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வரைபடம் கேட்பது 6061-டி6 என்ற அலுமினிய அலாய், இறக்கைக்கும் வாலுக்கும் 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய 6061 நம் பக்கத்துத் தகட்டுக் கடைகளில் கிடைப்பதில்லை. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு மட்டும் பெங்களூரிலிருந்து சான்றிதழோடு 6061 தருவித்திருந்தார், அதை மனதாரப் பாராட்ட வேண்டும். மேல் தோலுக்கு, உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் "ஏர்கிராஃப்ட் கிரேடு" என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கியிருக்கிறார். கையில் மெதுவாக வளைந்ததால் சந்தேகப்பட்டு, பாதுகாப்புக்கு 22 கேஜ் தகடாகப் போட்டிருக்கிறார். 0.7 மில்லிமீட்டர்.

ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டு ஒன்றைக் கோயம்புத்தூரில் வார்ப்பட ஆலைகளுக்கு, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனை செய்து கொடுக்கும் இடத்தில் கொடுத்தோம். மாங்கனீஸ் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், மக்னீசியம் இல்லவே இல்லை. 3003 அலாய். கூரைத் தகடு, பாத்திரம், தண்ணீர்த் தொட்டிக்கு நல்ல பொருள். 6061-டி6 நிரந்தரமாக வளையத் தொடங்கும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 275 நியூட்டன் சுமார். அரைக் கடினம் வந்த 3003-க்கு 145 சுமார். தடிப்போடு பெருக்கிப் பாருங்கள். 275-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 110. 145-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 101.5. முக்கால் பங்கு எடை கூடியும் வலிமை வரைபடம் கேட்டதைத் தொடவில்லை. கனத்த தகடு பார்வைக்கும் தட்டும்போது வரும் சத்தத்துக்கும் தைரியம் கொடுக்கும். தராசும் இந்தக் கணக்கும் அந்தத் தைரியத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

எடையில் இது எவ்வளவு? 0.4 மில்லிமீட்டர் அலுமினியம் சதுர மீட்டருக்கு 1.1 கிலோ. 0.7 என்றால் 1.9. இரண்டு பக்கத் தோலையும் வாலையும் சேர்த்தால் 26 சதுர மீட்டர் வருகிறது. 21 கிலோ கூடுதல்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேட்டரியும் கேபிளுமாக, வரைபடம் நினைத்ததைவிட 8 கிலோ கூடுதல். காக்பிட் தரையில் பிளைவுட், இருக்கையில் கார் சீட் ஸ்பாஞ்சும் ரெக்சினும் 5 கிலோ. பெயிண்டு 8 கிலோ. இந்தப் பெயிண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிவெட் தலை வெளியே தெரியக் கூடாது என்று கார் டிங்கரிங் வேலைபோலப் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் வெள்ளை, அதன் மேல் பளபளப்புக்கு ஒரு கோட் அடித்திருந்தார்கள். இறக்கையின் பின் விளிம்பில் பட்டி ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தது. விரல் நகத்தால் நெம்பியபோது மூன்று மில்லிமீட்டர் தடிப்புக்கு வந்தது. விமானம் பார்க்க அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ரிவெட் வரிசை வரிசையாகத் தெரியும் வெறும் அலுமினிய இறக்கையும் எனக்கு அழகாகத்தான் தெரியும். 24, 21, 8, 5, 8. கூட்டினால் 66.

எல்லாவற்றையும் பலகையில் எழுதி முடித்ததும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ஏனுங் தம்பி, அப்ப ரெண்டு பேரு உக்காந்தா தூக்காதுங்களா?"

தூக்கும். பயமே அதுதான் என்று சொன்னேன்.

இரண்டு பேரும் நாற்பது லிட்டரும் ஏறினால் 508 கிலோ. நீளமான சமதளம் கிடைத்தால் இந்த இறக்கை அதைத் தரையிலிருந்து பிரித்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆபத்து. சித்திரை மாதம் பாலக்காட்டுச் சமவெளியில் வெயில் 40 டிகிரி. அந்தச் சூட்டில் காற்று அடர்த்தி, எஞ்சின் விற்பனைத் தாளில் எழுதும் நிலையைவிட ஒன்பது சதவீதம் குறைவு. 50 குதிரைத்திறன் 45-ஆகிவிடும். அதில் புரொப்பெல்லர் உபயோகமாக மாற்றுவது அறுபது சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி முன் பட்டையும் தடித்த இறக்கையும் உள்ள விமானம் 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பை வெல்லவே தன் எடையில் ஏழில் ஒரு பங்கு இழுவையைத் தின்றுவிடும். தோராயக் கணக்குதான், ஆனால் முடிவு தெளிவு: 508 கிலோவில் மேலேறும் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். தரையை விட்ட இடத்திலிருந்து இருபது மீட்டர் உயரத் தென்னையைத் தாண்ட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைவரை எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை. அதே எஞ்சின், 440 கிலோ என்றால் அரைக் கிலோமீட்டருக்குள் தாண்டிவிடும். 68 கிலோவின் விலை அது.

கிளம்பும், ஆனால் ஏறாது என்ற நிலையில்தான் ஓட்டுபவர் மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பார். வேகம் குறையும். இறக்கை கைவிட்டுவிடும். இந்த அளவு விமானங்கள் விழும் விதங்களில் மிகப் பழையது அது. கணவாய்க் காற்றில் தோப்புக்குப் பின்பக்கம் உருளும் சுழல் கீழே அழுத்தினால் இன்னும் சீக்கிரம்.

"அப்ப தகட்ட மட்டும் மாத்திட்டா?" என்றான் பையன். கணக்கை அவனையே போடச் சொன்னேன். தோல் 21, பெயிண்டு 8, தரை 5 கழித்தால் 295.5. இரண்டு பேர் ஏறினால் 445.5. பெட்ரோலுக்கு மிஞ்சுவது நாலரைக் கிலோ, ஆறு லிட்டர். அவனே பேனாவைக் கீழே வைத்தான். எஞ்சின் இறங்காமல் இரண்டாவது இருக்கை இல்லை. எஞ்சினை மாற்றினால் 24 போகும், மூக்கு இளைக்கும், பேட்டரி வாலிலிருந்து முன்னால் வந்துவிடலாம், சின்னப் பேட்டரி போதும், கேபிள் வேண்டாம், அதில் இன்னொரு 8. 263.5. இரண்டு பேர் ஏறியும் ஐம்பது லிட்டர் ஊற்றலாம். ஜென் எஞ்சினில் மிச்சமான பணத்தை விமானம் முழுக்க வேறு வேறு வடிவத்தில் திரும்பக் கொடுத்திருக்கிறார் என்பது அந்த ஒரே தாளில் தெரிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு வழியையும் அவரிடம் சொன்னேன், இதைப் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன். தகட்டு வேலையே வேண்டாம், போல்ட் போட்டு இணைக்கும் அலுமினியக் குழாயும் அதன் மேல் இழுத்துக் கட்டும் பாய்த்துணியும் போதும் என்றால், பெங்களூரில் ராஜ்ஹம்சா நிறுவனம் செய்து பிரிட்டன் உட்படப் பல நாடுகளுக்குக் கிட்டாக அனுப்பிய எக்ஸ்-ஏர் இருக்கிறது. நமக்கு இத்தனை அருகே செய்த இரண்டு இருக்கை விமானம் உலகம் சுற்றியிருப்பது இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது. கேரளத்தில் இந்த ஆசைக்கு முகம் கொடுத்தவர் தொடுபுழா அருகே தட்டக்குழாவைச் சேர்ந்த சஜி தாமஸ். காது கேளாதவர், பேச முடியாதவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் கட்டிய இரண்டு இருக்கை விமானம் பறந்தது நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில். வேலந்தாவளத்துக்காரர் பட்டறைச் சுவரில் அவர் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். அந்த விமானம் பறந்ததற்கு விமானப்படையில் ஓட்டிப் பழகிய ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் துணை இருந்தது என்பதையும் சேர்த்தே அவரிடம் நினைவூட்டினேன். கட்டும் கையும் ஓட்டும் கையும் வேறாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

அனுமதி விஷயம். பதிவு எண்ணும் பறப்பு அனுமதியும் கைக்கு வராமல் சக்கரம் ஒரு அடிகூடத் தரையை விடக்கூடாது, தோப்புக்குள் சோதனைத் தாவல் என்ற பெயரிலும் கூடாது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும், விமானத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ என்பது மாறவில்லை. மும்பை கண்டிவலியில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவ் அதை 2016-ல் கண்காட்சியில் வைத்தார், பதிவு கிடைத்தது 2017-ல். பொறுமை வேண்டும். அதோடு நம் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல்: சூலூர் விமானப்படைத் தளமும் கோயம்புத்தூர் விமான நிலையமும் கூப்பிடு தூரம். இந்த வானத்தில் கேட்காமல் ஏறுவது சட்டத்தோடு நிற்கும் பிரச்சினை இல்லை, போர் விமானம் வரும் பாதை அது. டிரெய்லரில் ஏற்றி, அனுமதியுள்ள ஓடுபாதைக்குக் கொண்டுபோவதுதான் வழி. இறக்கையைக் கழற்றி மாட்டும் இணைப்புகளை அவர் மிக நன்றாகச் செய்திருப்பதால் அது முடியும்.

அடுத்து நடந்தது. பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, இறக்கை ரிவெட்டுகளைத் துளைத்துக் கழற்றி, 3003 தோலை உரித்தார்கள். கண்ணில் நீர் கட்டும் வேலை அது, அவர் ஒரு வார்த்தை பேசாமல் செய்தார். உள்ளே ஸ்பாரும் விலாக்களும் பழுதில்லாமல் இருந்தன. சான்றிதழோடு வந்த 0.4 மில்லிமீட்டர் 6061 தகட்டை இடது இறக்கைக்கு முதலில் போர்த்தினார்கள். வால் தகடும் இளைக்கப் போவதால் மையம் மறுபடி முன்னால் நகரும், அதனால் எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு முறை மூன்று தராசு ஏற்ற வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தாயிற்று.

புதுத் தோல் போட்ட இறக்கைக்கு மணல் சோதனை. விமானத்தில் பொருத்தும் அதே போல்ட்டுகளில் இரும்புச் சட்டத்தில் தலைகீழாக மாட்டி, பறக்கும்போது கீழிருந்து வரும் தூக்குவிசையை மேலிருந்து மூட்டைகளால் கொடுப்பது. 450 கிலோ விமானம், பறக்கும்போது தாங்க வேண்டிய எல்லை எடையைப் போல நாலு மடங்கு. இரண்டு இறக்கையின் 60 கிலோவைக் கழித்தால் 390. நாலால் பெருக்கி இரண்டு இறக்கைக்குப் பிரித்தால் 780. தலைகீழாக இருப்பதால் இறக்கையின் சொந்த 30 கிலோவும் அதே திசையில் இழுக்கிறது, அதையும் கழித்தால் 750. இருபத்தைந்து கிலோ மூட்டை முப்பது. அடியில் நெருக்கமாக, நுனிக்குப் போகப் போகக் குறைவாக, அகலத்தில் முன் பக்கமாகத் தள்ளி அடுக்கினோம். இதற்கும் மேல் ஒன்றரை மடங்கு என்பது முறியும் எல்லைக்கான சோதனை. பறக்கப் போகும் இறக்கையை அதுவரை கொண்டுபோகக் கூடாது. பையன் நுனியில் கட்டிய அளவுகோலை ஐந்து மூட்டைக்கு ஒருமுறை படித்து எழுதினான். இருபதாவது மூட்டையில் தோலில் மூலைவாட்டில் லேசான சுருக்கங்கள் எழுந்தன, மெல்லிய தகட்டில் அது இயல்பு. ரிவெட் எதுவும் நகரவில்லை. முப்பதும் ஏற்றி நிறுத்தி, இறக்கியபோது சுருக்கங்கள் மறைந்தன, நுனி முதலில் நின்ற கோட்டுக்கே திரும்பியது. நிரந்தர வளைவு இல்லை.

வலது இறக்கைக்கு ஆடிக் காற்று அடங்கியதும் தோல் போர்த்துகிறார்கள். எஞ்சினுக்கு இரண்டு பழைய 912 விசாரித்ததில் ஒன்று விலை மிகக் குறைவு, ஆனால் எத்தனை மணி ஓடியது என்பதற்கு லாக் புக் இல்லை. அதை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மற்றதன் பதிவுகளை வரிசையாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம், வந்ததும் பெங்களூர் போய் நேரில் பார்க்கிறோம்.